சாவியை நிறுத்தியும் நிற்காத எஞ்சின்

இடம்பெயர்ந்து வாழும் சில குடும்பங்களுக்கு எஞ்சியிருக்கும் பெரிய சொத்து ஒரு பழைய ஒஸ்ரின் அல்லது மொறிஸ் கார்தான். வெங்காய மூட்டை சந்தைக்குப் போவதும், இரவில் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் போவதும் அதில்தான். அப்படிப்பட்ட கார், சாவியை நிறுத்திய பின்பும் 'டக டக' என்று உதறிக்கொண்டு ஓடினால் வீட்டார் பயப்படுவது இயல்பு. "எஞ்சின் முடிந்துவிட்டது, விற்றுவிடுங்கள்" என்று சொல்வோரும் உண்டு. அவசரப்பட வேண்டாம். இந்தக் குறையைப் பெரும்பாலும் சிறு செலவில் தீர்க்கலாம்.

ஏன் நிற்பதில்லை?

சாவியை நிறுத்தினால் பிளக்கில் நெருப்புப் பொறி நின்றுவிடும். ஆனால் எஞ்சின் சுழலும்வரை காபரேட்டர் வழியாக எரிபொருள் உறிஞ்சப்படும். சிலிண்டருக்குள் ஏதாவது ஓரிடம் தணல்போல் சிவந்திருந்தால், பொறி இல்லாமலே அது பற்றிக்கொள்ளும். படிந்த கரி, அதிகம் சூடான பிளக் முனை, எக்ஸோஸ்ட் வால்வின் விளிம்பு ஆகியவையே அந்தத் தணல்கள்.

1990களில் குடாநாட்டில் பெற்றோல் கிடைக்காத காலத்தில், சிறிது பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெயில் கார் ஓட்டியதை நாம் மறக்கவில்லை. மண்ணெண்ணெய் எளிதில் தானாகப் பற்றும். முழுதாக எரியாமல் கரியையும் விடும். நிற்காமல் ஓடும் குறை அன்று அதிகம் காணப்பட்டதற்கு இதுவே காரணம்.

முதலில் செய்ய வேண்டியது

கார் நிற்காவிட்டால் பிரேக்கை நன்றாக மிதித்து, மேல் கியரில் போட்டு, கிளச்சை மெதுவாக விடுங்கள். எஞ்சின் திணறி நின்றுவிடும். காபரேட்டர் வாயைக் கையால் பொத்தாதீர்கள். நெருப்பு திருப்பி அடிக்கலாம்.

காரணத்தைக் கண்டுபிடித்தல்

செலவில்லாததிலிருந்து தொடங்குவோம்.

1. ஓடும் விதம்: நிறுத்திய பின்பும் சீராக ஓடினால் அது தணல் அல்ல. சுவிற்ச் அல்லது வயரிங் பழுதால் கொயிலுக்கு மின்சாரம் இன்னும் போகிறது. உதறி, இடித்து ஓடினால்தான் கீழுள்ளவற்றைப் பார்க்க வேண்டும்.

2. ஸ்லோ ஓட்டம்: இது கூடியிருந்தால் காற்றும் எரிபொருளும் அதிகம் உள்ளே போகும். காபரேட்டரின் ஸ்லோ ஸ்குரூவைச் சிறிது குறையுங்கள். பலருக்கு இதுவே போதும்.

3. சூடு: ரேடியேற்றரில் தண்ணீர் குறைவா, ஃபான் பெல்ற் தளர்வா என்று பாருங்கள். ஆறிய பின்னரே மூடியைத் திறக்க வேண்டும்.

4. பொறி விழும் நேரம்: மண்ணெண்ணெய்க்காக நேரத்தைப் பிந்தி வைப்பது வழக்கம். பெற்றோலுக்கு மாறிய பின்பும் அப்படியே விட்டால் எஞ்சின் கூடுதலாகச் சூடேறும். கார்ப் புத்தகத்தில் உள்ளபடி திருப்பி வையுங்கள்.

5. பிளக்: கடைக்காரர் தந்ததை அப்படியே போடக் கூடாது. என்.ஜி.கே. பிளக்கில் எண் கூடினால் அது சூட்டை விரைவாக வெளியேற்றும். சாம்பியனில் இது நேர்மாறு. எண் கூடினால் முனை அதிகம் சூடேறும். முனை வெளுத்துக் கொப்புளித்திருந்தால் பிளக் மிகவும் சூடாகிறது. காபரேட்டர் அடியிலுள்ள காஸ்கற் வழியாகக் காற்று கசிந்தாலும் இப்படி ஆகும்.

6. கரி: மற்றவை சரியாக இருந்தும் குறை தீராவிட்டால் ஹெட்டைக் கழற்ற வேண்டும். கரியைக் கூரிய இரும்பால் அல்ல, மரச் சீவலால் சுரண்டுங்கள். புதிய காஸ்கற் போட்டு, நடுவிலிருந்து வெளிப்புறமாக, சிறிது சிறிதாக நட்டுகளை இறுக்குங்கள். வால்வுகளையும் அப்போதே அரைத்துக்கொள்ளலாம்.

ஒயிலையும் பாருங்கள்

மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சினில், எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைத் தாண்டி ஒயிலில் கலக்கும். ஒயில் கம்பியில் மட்டம் ஏறியிருந்தால் மகிழ வேண்டாம். மண்ணெண்ணெய் மணத்தால் ஒயிலை உடனே மாற்றுங்கள். நீர்த்த ஒயிலில் பெயரிங் விரைவில் தேய்ந்துவிடும். உண்மையில் எஞ்சினை முடிப்பது அதுதான்.

மண்ணெண்ணெயில் ஓடும் நீர்ப்பம்பிக்கும் கரியும் ஒயிலும் பற்றிய இதே கவனம் தேவை. ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாமல், ஒன்றைத் திருத்தி, ஓட்டிப் பார்த்து, அடுத்ததற்குப் போங்கள். எது காரணம் என்று தெரிந்தால், அடுத்த முறை கராச்சுக்குக் கொடுக்கும் காசு வீட்டில் மிஞ்சும்.