கணனி திறக்க மறுத்தால்...

இடம்பெயர்ந்த குடும்பங்களின் காணி உறுதிப் பிரதிகளை உபுண்டு லினக்ஸ் கணனி ஒன்றில் சேமித்து வைத்திருந்தோம். ஒருநாள் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும், அது உள்ளே விடாமல் மீண்டும் மீண்டும் கடவுச்சொல்லையே கேட்டது. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவலாம் என்றார் ஒருவர். அப்படிச் செய்திருந்தால் பிரதிகளும் அழிந்திருக்கும்.

கொன்ட்ரோல், ஓல்ட், எஃப்3 விசைகளைச் சேர்த்து அழுத்தினோம். வந்த எழுத்துத் திரையில் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து, 'டிஎஃப் -எச்' என ஆங்கில எழுத்தில் தட்டினோம். வட்டு 100 வீதம் நிரம்பியிருந்தது. களஞ்சியம் நிறைந்தால் புது மூட்டை வைக்க இடமேது? 'சுடோ ஏபிடி கிளீன்' என்று கொடுத்ததும், முன்பு பதிவிறக்கிய மென்பொருட் பொதிகள் மட்டும் நீங்கின. உறுதிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மீளத் தொடக்கினோம், கணனி திறந்தது.

ஆயினும், விதைநெல் முழுவதையும் ஒரே மூட்டையில் வைப்பாருண்டோ? இன்னொரு பிரதியை வேறோர் இடத்தில் வையுங்கள்.