கெமிக்கல் படிச்சா எங்கே வேலை? எங்க ஊர் கிணற்றடியிலிருந்து ஒரு பதில்

"கெமிக்கல் எடுத்திருக்கியா? ஆசிட் கம்பெனிக்கா போகப் போற?"

முதல் வருஷ லீவில் திண்டுக்கல் போனபோது சித்தப்பா கேட்ட கேள்வி இது. அப்போ எனக்குப் பதில் தெரியல. இப்போ ஃபைனல் இயர். ஜூனியர்ஸ் பலரும் இதையே கேட்பதால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். கெமிக்கல் இன்ஜினியரிங் வேறு, கெமிஸ்ட்ரி வேறு. லேபில் 100 மில்லி செய்து காட்டுவது கெமிஸ்ட். அதையே தினமும் டன் கணக்கில், பாதுகாப்பாக, நஷ்டம் இல்லாமல் செய்வது நம்ம வேலை.

உப்புக் கிணறு

எங்க அப்பத்தா வீட்டுக் கிணற்றுத் தண்ணியில் பருப்பு வேகாது. சுற்று வட்டாரத்தில் பல கிணறுகள் இப்படித்தான். காரணம் தோல் ஷாப்புகளின் கழிவுநீர் என்று ஊரில் சின்னப் பையனுக்குக்கூடத் தெரியும்.

1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் தீர்ப்பு சொன்னது. அதில் திண்டுக்கல்லும் வருகிறது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களில் 13 கிராமங்களில் நடந்த ஆய்வில், 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கு. ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த சுமார் 35 லிட்டர் தண்ணீர் போகிறது என்பதும் இருக்கு. மாசு செய்தவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று நீதிமன்றம் சொன்னது இந்த வழக்கில்தான்.

சுத்திகரிக்கணும்னு கோர்ட் சொல்லியாச்சு. ஆனா எப்படிச் சுத்திகரிப்பது? நம்ம பாடம் இங்கேதான் ஆரம்பிக்குது.

சிலபஸ் எங்கே பயன்படுது?

பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்புப் போட்டு வரும். ஊற வைக்கும்போது அந்த உப்பு தண்ணீரில் இறங்கும். பிறகு முடி நீக்க சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும். அப்புறம் குரோம். வழக்கமான முறையில் குரோமியத்தில் 60–70 சதவீதம்தான் தோலில் ஏறும். மிச்சம் தண்ணீரோடு போயிடும். மெக்னீசியம் ஆக்சைடு போட்டு அதைப் படிய வைத்து, சல்ஃபூரிக் ஆசிட்டில் கரைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். செகண்ட் இயரில் நாம் திட்டிக்கொண்டே போட்ட மாஸ் பேலன்ஸ் கணக்கு இதுதான்.

கழிவைப் பாக்டீரியா தின்னும், ஆனா உப்பைத் தின்னாது. அதுக்கு ஆர்.ஓ. வேணும். ஒரு சின்னக் கணக்கு: 1000 லிட்டரில் 8 கிலோ உப்பு இருக்கு. ஆர்.ஓ.வில் 800 லிட்டர் நல்ல தண்ணியாக வந்தால், மீதி 200 லிட்டரில் கிட்டத்தட்ட அந்த 8 கிலோவும் நிற்கும். லிட்டருக்கு 8 கிராமாக இருந்தது 40 கிராம் ஆயிடும். இதை ஆவியாக்கணும். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க சுமார் 2260 கிலோஜூல் வேணும். அதனால்தான் 1000 லிட்டரையும் கொதிக்க வைக்காமல் 200 லிட்டராகக் குறைத்த பிறகு எவாப்பரேட்டருக்கு அனுப்புறாங்க. முதல் கலனில் வரும் ஆவியே அடுத்த கலனைச் சூடாக்கும். ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர் இங்கே வருது.

கடைசியில் மிஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது? இதுக்கு இன்னும் நல்ல பதில் இல்லை. நமக்கு வேலை மிச்சம் இருக்குன்னு அர்த்தம்.

வேலை எங்கெங்கே?

கழிவுநீர் மட்டும் இல்லை. மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும், தூத்துக்குடியில் ஸ்பிக், கரூர் பக்கம் டி.என்.பி.எல். காகித ஆலை. சிமென்ட், மருந்து, உணவு, பெயின்ட் எல்லாத்திலும் புராசஸ், புரொடக்‌ஷன், தர ஆய்வு வேலைகள் இருக்கு. திருப்பூர் சாயப்பட்டறைகளை 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்ன பிறகு அங்கேயும் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆட்கள் தேவைப்பட்டாங்க.

என்ன தகுதி வேணும்?

1. பி.டெக். கெமிக்கல்தான் அடிப்படை. பொதுத்துறை நிறுவனங்கள் பலவும் 60 அல்லது 65 சதவீதம் கேட்கும். அரியர் வைக்காதீங்க.

2. கேட் தேர்வு. மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். மதிப்பெண் 3 வருஷம் செல்லும். எம்.டெக்.குக்கும் சில பொதுத்துறை வேலைகளுக்கும் உதவும். பாபா அணு ஆராய்ச்சி மையமும் கெமிக்கல் ஆட்களை எடுக்குது.

3. யு.பி.எஸ்.சி. நடத்தும் பொறியியல் பணித் தேர்வில் நம்ம பிரிவு கிடையாது. தெரியாமல் கோச்சிங்கில் பணம் கட்டாதீங்க.

4. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் ஆசை இருந்தா என்விரான்மென்டல் எம்.இ. பலம். ஒவ்வொரு அறிவிப்பிலும் தகுதியை வரிவரியாகப் படிங்க.

5. சேஃப்டி பக்கம் போக, சென்னை மண்டலத் தொழிலாளர் நிறுவனத்தின் தொழிற்பாதுகாப்பு டிப்ளமோ இருக்கு.

6. மென்பொருள் பழக ஆஸ்பென் லைசென்ஸ் கிடைக்கலையா? டி.டபிள்யூ.சிம் இலவசம். ஐ.ஐ.டி. பாம்பே குழு அதுக்குப் பயிற்சியும் தருது.

7. வேலை கிடைக்கலைன்னா சும்மா இருக்காமல், மத்திய அரசின் அப்ரன்டிஸ் திட்டத்தில் ஒரு வருஷம் உதவித்தொகையோடு ஆலை அனுபவம் எடுக்கலாம்.

மறைக்காமல் சொல்லிடுறேன். ஆரம்பச் சம்பளம் ஐ.டி.யை விடக் குறைவாக இருக்கலாம். ஷிஃப்ட் உண்டு. நாற்றம் உண்டு. ப்ளான்ட் விசிட் முடிந்து ரெண்டு நாள் என் சட்டை நாறியது.

கையில் ஒரு ஐ.டி. ஆஃபர் இருக்கு. ஒரு சுத்திகரிப்பு நிலையத்தில் அப்ரன்டிஸ் இடமும் கேட்டிருக்கேன். அது கிடைத்தால் அங்கேதான் போவேன். நான் போவதால் அப்பத்தா கிணறு நாளைக்கே இனிக்கப் போறதில்லை. நிலத்தடியில் இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் வெளியே வராது. அடுத்த கிணறாவது தப்பிக்கட்டுமே.

அப்பாகிட்ட இன்னும் சொல்லல. இந்தக் கட்டுரையை அவருக்கு அனுப்பிட்டு, அப்புறம் போன் பண்ணலாம்னு இருக்கேன்.