12.15 இரண்டு முறை வந்த இரவு

ஹட்டன் பக்கத்துத் தோட்டங்களில் மாலைக் கொழுந்தை நிறுத்து, பேருக்கு நேரே கிலோவைப் பதிந்ததும் கொழுந்து பறித்தவர் லயத்து வீட்டுக்குத் திரும்பிவிடலாம். அந்தக் கொழுந்து தொழிற்சாலை மாடியில் இரவெல்லாம் வாடி, விடியற்காலையில் ரோலரில் அரைபட்டு, நொதித்து, காய்ந்து தூளாகும்வரை அவர் தராசடியில் காத்து நிற்பதில்லை. நன்றாகக் கட்டப்பட்ட இணையச் செயலியும் வேலையை இப்படித்தான் பிரித்துக்கொள்கிறது.

பட்டனை அழுத்தியதும் ‘கிடைத்தது’ என்ற பதில் நொடியில் வரவேண்டும். மின்னஞ்சல் அனுப்புவது, குறுஞ்செய்தி விடுவது, சம்பளச் சீட்டு தயாரிப்பது ஆகியவை ஒரு வரிசையில் சேர்ந்து நிற்கும். தனியாக ஓடும் இன்னொரு நிரல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து முடிக்கும். பைத்தான் மொழியில் எழுதுவோர் இதற்குப் பெரும்பாலும் ‘செலரி’யை நாடுகிறார்கள், ரூபிக்காரர்களுக்கு ‘சைட்கிக்’. மலைச்சரிவில் சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில் இந்தப் பிரிவினை இன்னும் அவசியம். எல்லா வேலையும் முடியும்வரை திரை சுற்றிக்கொண்டிருந்தால் இணைப்பு அறுந்துவிடும். மனிதர் மறுபடி அழுத்துவார். ஒரே வேலை இரண்டு முறை நடக்கும்.

சம்பளம் போன்ற வேலையைக் கணினியிடம் ஒப்படைப்பது புதிதல்ல; கணினிக்கு அலுவலக வேலையை முதலில் கொடுத்தவர்களில் ஒரு தேயிலைக் கம்பனியும் உண்டு. லண்டனில் தேநீர்க் கடைகள் நடத்திவந்த ‘லயன்ஸ்’ நிறுவனம் ‘லியோ’ என்ற கணினியைத் தானே கட்டியது. 1951 நவம்பரில் அது பேக்கரிக் கணக்கை வாராந்த வேலையாக ஏற்றது. 1954இல் ஊழியர் சம்பளத்தையும் போடத் தொடங்கியது.

இப்படித் திரும்பத் திரும்ப வரும் வேலையைக் குறித்த நேரத்தில் தானாகத் தொடங்கிவைக்கும் ‘கிரான்’ யுனிக்ஸ் இயங்குதளத்தோடு வந்தது. நிமிடம், மணி, திகதி, மாதம், கிழமை என்று ஐந்து இடங்களை நிரப்பினால் போதும். ‘30 2 10 * *’ என்றால் ஒவ்வொரு மாதமும் 10ஆம் திகதி அதிகாலை 2.30. எளிமையானதுதான், ஆனால் கடிகாரம் நேர்மையாக ஓடும்வரை.

இலங்கைக் கடிகாரம் அப்படி ஓடவில்லை. 1996இல் மழை பொய்த்தது. ஹட்டனை அடுத்த காசல்ரீ, மவுஸ்ஸாகலை போன்ற நீர்த்தேக்கங்களை நம்பியிருந்த நாட்டில் மின்சாரம் தட்டுப்பட்டது. பகல் வெளிச்சத்தை மிச்சப்படுத்த மே 25 நள்ளிரவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அன்றிரவு 12.15 என்ற நேரமே வரவில்லை. ஒக்டோபரில் அரைமணி பின்னே வந்தது. 2006 ஏப்ரல் 15, சித்திரைப் புத்தாண்டுக்கு மறுநாள், இன்னொரு அரைமணியைப் பின்னே இழுத்துப் பழைய நேரத்துக்கே திரும்பினார்கள். அந்த இரவில் 12.15 இரண்டு முறை வந்தது.

12.15க்குச் சம்பளக் கணக்கு ஓடும்படி ஒருவர் கணினியில் எழுதி வைத்திருந்தால் என்ன ஆகும்? 1996 மே இரவில் வேலை நடக்காமலே போகலாம். 2006 ஏப்ரல் இரவில் இருமுறை நடக்கலாம். சில கிரான்கள் இதைச் சமாளிக்கும்; எல்லாம் அல்ல. பேர் (வேலைநாள் கணக்கு), கிலோ, அட்வான்ஸ், சேமலாப நிதி எல்லாம் கூட்டிக் கழித்துக் கைக்கு வரும் சம்பளத்தில் அட்வான்ஸ் இரண்டு தடவை பிடிபட்டால், அந்த மாதம் கடையில் அரிசிக் கடன் கூடும். அதனால் இதை ‘சின்னத் தொழில்நுட்பக் கோளாறு’ என்று ஒதுக்க முடியாது.

வழி இருக்கிறது. ‘இந்த ஆள், இந்த மாதம்’ என்று ஒவ்வொரு கழிவுக்கும் ஓர் அடையாளம் கொடுத்து, அது ஏற்கெனவே பதிவாகியிருந்தால் மறுபடி கழிக்காதபடி எழுதவேண்டும். தோல்வியடைந்த வேலையை இடைவெளி விட்டுத் திரும்ப முயலவேண்டும். ஓடவேண்டிய வேலை ஓடவே இல்லையென்றால் அதையும் யாருக்காவது தெரிவிக்கவேண்டும். பல செயலிகளில் விடுபடுவது இதுதான். நேரத்தை வெறும் ‘+5.30’ என்று எழுதாமல் ‘ஆசியா/கொழும்பு’ என்று குறித்தால், உலக நேரப் பட்டியலில் பதிவாகியிருக்கும் 1996, 2006 மாற்றங்களைக் கணினி தானே பார்த்துக்கொள்ளும். சம்பள வேலையை மட்டும் நள்ளிரவை ஒட்டி வைக்காமல் அதிகாலை 3 மணிக்குத் தள்ளிவிடுவது நல்லது.