விளம்பரம் பேசும் விலங்குகள்

நாய் என்றால் நன்றி. சிங்கம் என்றால் வீரம். நரி என்றால் தந்திரம். பாட்டி கதை சொல்லத் தொடங்கிய நாள்முதல் இப்பாடங்கள் நம் உள்ளத்தில் வேரூன்றிவிட்டன. பொருளை விற்போர் இதனை நன்கறிவர். பல பக்கங்களில் எழுதி விளக்க வேண்டியதை ஒரு விலங்கின் படம் நொடிப்பொழுதில் உணர்த்திவிடுகிறதன்றோ?

பழைய இசைத்தட்டுகளில், பித்தளைக் குழலின் முன் தலை சாய்த்துச் செவிமடுக்கும் நாயைக் காணாதவர் அரியர். நிப்பர் என்னும் அந்நாய் 1895-ஆம் ஆண்டு இறந்தது. அதன் பின்னரே பிரான்சிஸ் பாரோ என்ற ஆங்கில ஓவியர் அதனைப் படமாகத் தீட்டினார். 1899-இல் கிராமபோன் கம்பெனி அவ்வோவியத்தை வாங்கியபோது, அதில் முன்பு வரையப்பட்டிருந்த வேறொரு கருவியை மறைத்து, அவ்விடத்தில் தன் கருவியை வரையச் செய்தது. நாய் மாறவில்லை, அதன் முன்னிருந்த பொருளே மாறியது! விலங்கின்மேல் நாம் கொள்ளும் அன்பு, அதனருகே எப்பொருளை வைத்தாலும் அப்பொருளையும் சென்று பற்றிக்கொள்கிறது.

இசைப்பெட்டி வீட்டுக்கு வந்தால் கேடொன்றுமில்லை. ஆனால் அதே உத்தி நஞ்சையும் விற்கும். அமெரிக்காவில் கேமல் சிகரெட்டின் விளம்பரத்துக்கென 1988-இல் ஒரு கேலிச்சித்திர ஒட்டகம் புறப்பட்டது. கறுப்புக் கண்ணாடியும் வாயில் சிகரெட்டுமாக, அது இளைஞனைப்போல் உலா வந்தது. 1991-இல் மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளிடம் மருத்துவ ஆய்வாளர் படங்களைக் காட்டிச் சோதித்தனர். ஆறு வயதினருள் நூற்றுக்குத் தொண்ணூற்றொருவர் அவ்வொட்டகத்தைச் சிகரெட்டுடன் சரியாகப் பொருத்தினர். மிக்கி மவுசை அறிந்த அளவுக்கு அதனையும் அறிந்திருந்தனர்! எழுத்தறியாப் பிள்ளைக்கும் விலங்கின் முகம் தெரியுமல்லவா?

எதிர்ப்பு வலுக்கவே, 1997-இல் ஒட்டகம் விளம்பரங்களிலிருந்து விலக்கப்பட்டது. மறு ஆண்டு அந்நாட்டு மாநிலங்களுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, புகையிலை விளம்பரங்களில் கேலிச்சித்திரங்களைப் பயன்படுத்துவதைப் பெரிய நிறுவனங்கள் கைவிட்டன. இந்தியாவிலோ 2003-ஆம் ஆண்டுச் சட்டம் புகையிலை விளம்பரத்தையே தடை செய்தது.

எனினும் சட்டம் காவாத பொருள்கள் பல உள. இனிப்பு, பானம், நொறுக்குத் தீனி ஆகியவற்றின் உறைகளிலிருந்து புலியும் குரங்கும் நம் குழந்தைகளைப் பார்த்துச் சிரிக்கின்றன. பெற்றோரே, அடுத்தமுறை பிள்ளை அவற்றைக் கேட்டு அழும்போது அதட்டாதீர்கள். "இந்தப் புலி இதைத் தின்னுமா, கண்ணே?" என்று கேளுங்கள். பிள்ளை சிரிக்கும்; பிறகு சிந்திக்கும். அச்சிந்தனையே அதற்கு நாம் அளிக்கும் காவல்.

விலங்குகள் பொய் சொல்வதில்லை. அவற்றின் வாயில் பொய்யை வைப்பவர்கள் மனிதர்களே.