நட்சத்திரம் பார்த்துப் போனால் போதுமா?



பாடசாலை விடுமுறை நெருங்கும்போது எமது சிகிச்சை நிலையத்துக்கு வருபவர்களின் கேள்விகளும் மாறிவிடும். மலேரியாக் குளிசை, தடுப்பூசி, அம்மாவின் இன்சுலினை விமானத்தில் கொண்டுபோகும் முறை என்று பலதும் கேட்பார்கள். தங்கப்போகும் இடத்தைப் பற்றி மட்டும் எவரும் கேட்பதில்லை. "நாலு நட்சத்திர ஹோட்டல், டொக்டர்" என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும். நாமும் ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தோம்.

எமக்கு நேர்ந்தது

சில வருடங்களுக்கு முன்னர், ஒரு குளிர்கால விடுமுறைக்கு மலைப்பக்கமாக ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் குடும்பமாகப் போயிருந்தோம். வாசலிலேயே நட்சத்திரச் சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. முதல் இரவே மனைவிக்குத் தலையிடி. சின்னவன் சத்தி எடுத்தான். மூத்தவளுக்குத் தலைச்சுற்று. வழியில் வாங்கிய சாப்பாடுதான் காரணம் என்று நினைத்து, பரசிட்டமோல் கொடுத்துப் படுக்கவைத்தோம். மறுநாள் வெளியில் நடந்து திரிந்தபோது எல்லோருக்கும் சுகம். இரவு வீட்டுக்குள் வந்ததும் மறுபடியும் அதே வருத்தம்.

மாமியார்தான் கேட்டார்: "தம்பி, வெளியிலை நிண்டால் ஒருதருக்கும் ஒண்டுமில்லை. உள்ளுக்கை வந்தால்தானே வருத்தம். சாப்பாடெண்டால் அப்பிடி வருமோ?"

அப்போதுதான் எமக்கு உறைத்தது. கதவு, யன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரையும் வெளியே கூட்டிவந்தோம். வெந்நீர்க் கொதிகலனின் புகைக்குழாயைக் குருவிக்கூடு அடைத்திருந்ததைப் பின்னர் வந்த எரிவாயுப் பொறியியலாளர் கண்டுபிடித்தார். இத்தனை வருடம் வைத்தியம் பார்த்த நாம் தவறவிட்டதை மாமியார் கண்டுபிடித்தார்.

அந்த வாயுவின் பெயர் காபனோரொட்சைட்டு. நிறமில்லை, மணமில்லை. எமது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பலத்துடன் ஒட்டிக்கொள்ளும். தலையிடி, தலைச்சுற்று, சத்தி, சோர்வு என்று வைரஸ் காய்ச்சலைப் போலவே தெரியும், ஆனால் காய்ச்சல் இருக்காது. கொரோனாக் காலத்தில் பலரும் வாங்கிய, விரலில் மாட்டும் ஒட்சிசன் அளவி இந்த நஞ்சைக் காட்டாது. இரத்தத்தில் நஞ்சு ஏறியிருக்கும்போதும் அளவு சரியென்றே காட்டும்.

நாம் தப்பினோம். 2006 ஒக்டோபரில் கிரேக்கத்தின் கோர்ஃபு தீவில் ஹோட்டல் பங்களா ஒன்றில் தங்கிய இரு பிரித்தானியச் சிறுபிள்ளைகள் தப்பவில்லை. பழுதான கொதிகலனிலிருந்து வந்த இதே வாயு அவர்களைக் கொன்றது. 2015இல் இங்கிலாந்தில் நடந்த மரண விசாரணையில், அது சட்டவிரோதக் கொலை என்று ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள்.

எந்தச் சான்றிதழ் எதைச் சொல்கிறது?

நட்சத்திரம்: இது பெரும்பாலும் வசதியை அளப்பது. அறையின் அளவு, குளியலறை, மின்தூக்கி, வரவேற்பு மேசை திறந்திருக்கும் நேரம் போன்றவற்றுக்கே புள்ளி. சில நாடுகளில் அரசும் சில நாடுகளில் ஹோட்டல் சங்கங்களும் வழங்குகின்றன. கொதிகலன் எப்போது சோதிக்கப்பட்டது என்பதை நட்சத்திரம் உங்களுக்குச் சொல்லாது.

அற்றோல்: விமானப் பயணம் அடங்கிய பக்கேஜ் விடுமுறைகளை விற்பவர்களுக்குப் பிரித்தானிய சிவில் விமான அதிகாரசபை வழங்கும் அனுமதிப்பத்திரம். 2019 செப்ரெம்பரில் தோமஸ் குக் நிறுவனம் வீழ்ந்தபோது 1,40,000க்கும் மேற்பட்டோரை ஊருக்குத் திருப்பிக் கொண்டுவந்தது இந்த அதிகாரசபைதான். காசு கட்டியவுடன் அற்றோல் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் அது காப்பது உங்கள் காசையும் திரும்பும் பயணத்தையும்தான், உடம்பை அல்ல.

எரிவாயுப் பரிசோதனைச் சான்று: பிரித்தானியாவில் விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீடுகளின் எரிவாயுச் சாதனங்களை வருடத்துக்கு ஒருமுறை பதிவுபெற்ற பொறியியலாளர் பரிசோதிக்கவேண்டும் என்பது சட்டம். ஸ்கொட்லாந்தில் 2022 ஒக்டோபரில் தொடங்கிய அனுமதித் திட்டத்தின்படி குறுங்கால வாடகை வீடுகளுக்கு அனுமதிப்பத்திரமும் தேவை. காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவியும் அதன் நிபந்தனைகளில் அடங்கும். சட்டத்தைச் சிலர் மீறுவதுமுண்டு. ஆகவே கேட்பதே நல்லது.

பிள்ளைகளின் சாகசப் பயணங்கள்

1993 மார்ச் 22ஆம் திகதி, பிளிமத் நகரப் பாடசாலை மாணவர்கள் சிலர் லைம் குடாவில் சிறு படகுகளில் கடலுக்குள் அழைத்துச் செல்லப்பட்டார்கள். நால்வர் உயிருடன் திரும்பவில்லை. அந்த நிலையத்தில் முன்பு வேலைசெய்த பயிற்சியாளர்கள் பாதுகாப்புக் குறைகளைச் சுட்டிக்காட்டி நிர்வாகத்துக்கு ஏற்கனவே கடிதம் எழுதியிருந்தார்கள். அதை எவரும் பொருட்படுத்தவில்லை. 1994இல் நிறுவனமும் அதன் இயக்குநரும் நீதிமன்றத்தில் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர்.

1995இல் புதிய சட்டம் வந்தது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு மலையேற்றம், குகைப் பயணம், மலைநடை, நீர்விளையாட்டு ஆகியவற்றைக் காசுக்கு நடத்தும் நிலையங்கள் இச்சட்டத்தின்கீழ் அனுமதி பெறவேண்டும்.

இதில் எமது சங்கங்கள் கவனிக்கவேண்டிய ஒன்று உண்டு. தன் அங்கத்தவர்களுக்குத் தானே நடத்தும் தொண்டர் அமைப்புக்கு இந்த அனுமதி தேவையில்லை. அதாவது, தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளை நாமே படகில் ஏற்றினால் எம்மைச் சோதிக்க எவரும் வரமாட்டார்கள். அந்தப் பொறுப்பு முழுவதும் எம்முடையதே.

புறப்படுமுன்

1. வீட்டுக்காரரிடம் கடைசியாகக் கொதிகலன் சோதிக்கப்பட்ட திகதியைக் கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள்.

2. பிரயாணத்துக்கான சிறிய காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி ஒன்றைப் பெட்டியில் வையுங்கள். அணைந்துகொண்டிருக்கும் பார்பிகியூ அடுப்பைக்கூடக் கூடாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள்.

3. ஒரே வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் தலையிடி என்றால் முதலில் எல்லோரும் வெளியே வாருங்கள். பிறகு அவசர உதவிக்கு அழையுங்கள். ஐரோப்பாவில் 112.

4. அறைக்குள் போனதும் ஷவரையும் குழாய்களையும் சில நிமிடம் ஓடவிட்டு, நீராவி படாமல் விலகி நில்லுங்கள். தேங்கிய தண்ணீரில் 20 முதல் 45 பாகை வெப்பத்தில் லீஜனெல்லா பற்றீரியா பெருகும். ஐம்பது வயதைக் கடந்தவர்கள், புகைப்பவர்கள், நீரிழிவு உள்ளவர்கள் கூடுதல் கவனம் எடுக்கவேண்டும். திரும்பிவந்து இரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் இருமலும் வந்தால், எங்கே தங்கினீர்கள் என்று வைத்தியரிடம் சொல்லுங்கள்.

5. பிள்ளையின் பயணப் படிவத்தில் கையொப்பமிடுமுன் நிலையத்தின் அனுமதிப்பத்திரத்தைக் கேளுங்கள்.

எம்மில் பலர் இந்த நாட்டுக்கு வந்தது ஏஜென்சிக்காரனின் வாய்ச்சொல்லை நம்பித்தான். எந்த வாகனம், எந்தப் பாதை, எத்தனை நாள் என்று அன்று கேள்வி கேட்க முடியவில்லை. கேட்டால் விட்டுவிட்டுப் போய்விடுவான் என்ற பயம். அந்தப் பழக்கம் இன்னமும் எம்மைவிட்டுப் போகவில்லை. காசு கட்டிய இடத்தில்கூடக் கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறோம். இன்று கேட்பதற்கு எமக்கு உரிமை இருக்கிறது. பிள்ளைகளுக்காகவாவது கேட்போம்.