காருக்கு ஃபாக் லைட் நீங்களே மாட்டலாமா? 3,800 ரூபாய் வேலை, 41,800 ரூபாய் பாடம்



போன தை மாசம் ராத்திரி பதினொன்றரை மணிக்கு என் சித்தப்பா பையன்கிட்டேர்ந்து போன். "அண்ணே, பானெட்லேர்ந்து புகை வருது. என்ன பண்றது?" அரியலூர் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில ஷிஃப்ட் வேலை அவனுக்கு. வீடு பெரம்பலூர்ல. தினமும் முப்பது கிலோமீட்டர் சொச்சம், போக வர. "வண்டியை ஆஃப் பண்ணு, இறங்கித் தள்ளி நில்லு, பானெட்டைத் திறக்காதே"ன்னு சொல்லிட்டுக் கிளம்பினேன். நான் போய்ச் சேர்றதுக்குள்ள புகை அடங்கியிருந்தது. ஆனா முன்பக்க ஒயரிங் மொத்தமும் உருகி ஒட்டிப்போச்சு.

காரணம்? முந்தின மாசம் பம்பர்ல மாட்டின எல்இடி லைட் பார். 5,500 ரூபாய். பில் கிடையாது. ஃபியூஸ் கிடையாது. ரிலே கிடையாது. ஹெட்லைட் ஒயரை நடுவுல சீவி, சுத்தி, டேப் ஒட்டியிருந்தாங்க. சரி பண்ண ஆன செலவு 41,800 ரூபாய். இன்சூரன்ஸ் ஒரு ரூபாய்கூடத் தரல. மாசம் 34,000 ரூபாய் கையில வாங்குற பையன், எமர்ஜென்சி ஃபண்டை மொத்தமா காலி பண்ணினான்.

அவன் ஏன் லைட் மாட்டினான்னு கேட்டா குறை சொல்ல முடியாது. மார்கழி, தை மாச விடியற்காலை மூடுபனியில அந்த ரோட்டுல போனவங்களுக்குத் தெரியும். சுண்ணாம்புக்கல் ஏத்தின டிப்பர், சிமென்ட் லாரி, பின்னாடி ஒரு சிவப்பு ஸ்டிக்கர்கூட இல்லாத டிராக்டர் டிரெய்லர். உயிர் பயம் நியாயமானதுதான். அதுக்குத் தேடின வழிதான் தப்பு. அதனால இன்னைக்கு சட்டம், இன்சூரன்ஸ், செலவு, வேலை நாலையும் ஒண்ணா பார்த்துடலாம்.

முதல்ல செலவே இல்லாத வேலை

ஒரு சிஏவா என் முதல் கேள்வி எப்பவும் இதுதான்: வாங்காமலே பிரச்சினை தீருமா?

உங்க ஹெட்லைட் கண்ணாடி மஞ்சள் படிஞ்சு மங்கலா இருக்கா? பாலிஷ் போட்டாலே வெளிச்சம் நல்லா கூடும். ஹெட்லைட் லெவல் சரியா இருக்கா? பல கார்கள்ல ஸ்டியரிங் பக்கத்துல 0, 1, 2, 3ன்னு ஒரு சின்ன சக்கரம் இருக்கும். தனியா ஓட்டும்போது அது 3ல இருந்தா வெளிச்சம் ரோட்டுக்குப் பக்கத்துலயே விழுந்துடும். 0ல வைங்க. விண்ட்ஷீல்டை உள்பக்கமும் துடைங்க. வைப்பர் ரப்பரை மாத்துங்க.

அப்புறம் வேகம். லோ பீம் தோராயமா 50 மீட்டர் வரைக்கும்தான் தெளிவா காட்டும்னு வெச்சுக்கோங்க. 60 கிலோமீட்டர் வேகத்துல பிரேக்கை மிதிக்க யோசிக்கிற ஒன்றரை நொடியில 25 மீட்டர் போயிடும். காய்ஞ்ச ரோட்டுல வண்டி நிக்க இன்னொரு 20 மீட்டர். மொத்தம் 45. தப்பிச்சீங்க. அதே 80ல போனா 33 + 35 = 68 மீட்டர். வெளிச்சம் முடிஞ்ச இடத்தைத் தாண்டித்தான் வண்டி நிக்கும். இந்தக் கணக்கை எந்த லைட்டும் முழுசா மாத்தாது. ஃபாக் லைட் தூரத்தைக் காட்டுறதுக்கு இல்ல. தாழ்வா, அகலமா, ரோட்டோட ஓரத்தையும் கோட்டையும் காட்டுறதுக்கு.

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: உற்பத்தியாளர் கொடுத்த விவரக்குறிப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாது. கேரளாவுலேர்ந்து போன ஒரு வழக்குல, 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி பண்ணிச்சு. அதே வருஷம் சட்டத்துல திருத்தம் வந்தது. புதுசா சேர்ந்த பிரிவு 182ஏ(4)படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரை சிறை, அல்லது ரெண்டும். "ஒவ்வொண்ணுக்கும்"ங்கற வார்த்தையைக் கவனிங்க.

லைட்டுக்குன்னே தனி விதிகளும் இருக்கு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ல, விதி 106 முன்பக்க விளக்கோட வெளிச்சம் எதிர்ல வர்றவர் கண்ணைக் கூசாத மாதிரி கீழ்நோக்கி இருக்கணும்னு சொல்லுது. விதி 111, ஸ்பாட் லைட், சர்ச் லைட் மாட்டுறதைத் தடை பண்ணுது. பதிவு அதிகாரி அனுமதிச்சா மட்டும்தான் விதிவிலக்கு. முன்னாடி சிவப்பு வெளிச்சம் காட்டவும் கூடாது.

சுருக்கமா: கூரை மேல லைட் பார், பம்பர்ல கண்ணைப் பறிக்கிற வெள்ளை ஸ்பாட், மினுக்குற கலர் லைட், இதெல்லாம் டிஎன் 46ஆ இருந்தாலும் டிஎன் 61ஆ இருந்தாலும் வம்பு. உங்க மாடலோட டாப் வேரியண்ட்ல கம்பெனியே கொடுக்குற ஃபாக் லாம்ப்பை, பம்பர்ல அதுக்குன்னு விட்ட இடத்துல மாட்டுறது பாதுகாப்பான வழி. நிறைய பேஸ் வேரியண்ட் கார்கள்ல அந்த இடத்தை ஒரு பிளாஸ்டிக் மூடியால அடைச்சிருப்பாங்க. சிலதுல ஒயர் கப்ளரும் உள்ளயே தொங்கும். வாங்குறதுக்கு முன்னாடி சர்வீஸ் சென்டர்ல கேளுங்க.

இன்சூரன்ஸ் ஏன் கைவிட்டது?

இதைப் புரிஞ்சுக்கிட்டாலே இந்தக் கட்டுரை படிச்ச பலன் கிடைச்சாச்சு.

உங்க காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில தீ, வெடிப்பு, தானா தீப்பிடிக்கிறது எல்லாம் கவர் ஆகும். ஆனா விலக்குகள் பட்டியல்ல "மெக்கானிக்கல் அல்லது எலக்ட்ரிக்கல் பிரேக்டவுன்"னு ஒரு வரி இருக்கும். தம்பி வண்டியில தீ எரியல. ஒயர் உருகிச்சு, அவ்ளோதான். சர்வேயர் வந்து பார்த்தார், சீவின ஒயரைப் படம் எடுத்தார், எலக்ட்ரிக்கல் பிரேக்டவுன்னு எழுதிட்டுப் போயிட்டார். கூடவே இன்னொரு வரி: பாலிசியில சொல்லாத மாற்றம். கதை முடிஞ்சது.

கம்பெனி வாரண்டியும் அப்படித்தான். ஒயரை வெட்டின இடத்துலேர்ந்து வர்ற எலக்ட்ரிக்கல் பிரச்சினைக்கு அவங்க பொறுப்பேற்க மாட்டாங்க.

சரியான வழி என்ன? மாட்டுறதுக்கு முன்னாடி இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஒரு இமெயில். "இந்த மாடல் ஃபாக் லாம்ப், இவ்வளவு விலை, பில் இணைச்சிருக்கேன், எலக்ட்ரிக்கல் ஆக்சஸரியா சேர்த்து எண்டார்ஸ்மெண்ட் கொடுங்க." இதுக்குப் பேரு ஐஎம்டி 24. பழைய மோட்டார் டாரிஃப்படி பொருளோட மதிப்புல 4 சதவீதம் கூடுதல் பிரீமியம். 10,000 ரூபாய் பொருளுக்கு 400 ரூபாய், அதுமேல 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 472. இப்ப கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். வர்ற பதிலை அழிக்காம வைங்க.

நியாயமில்லாம க்ளெய்மை மறுத்தா, முதல்ல கம்பெனியோட குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்க. 30 நாள்ல பதில் வரலைன்னாலோ, பதில் திருப்தி இல்லைன்னாலோ சென்னையில இருக்குற இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. மறுத்த ஒரு வருஷத்துக்குள்ள போகணும். தம்பி கேஸ்ல நான் போக வேண்டாம்னு சொன்னேன். ஏன்னா தப்பு நம்ம பக்கம்.

இப்ப கணக்கு

தம்பியோட முதல் முயற்சி: 5,500 + 41,800 = 47,300 ரூபாய்.

வண்டி சரியாகி வந்தப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை எங்க வீட்டு வாசல்ல நாங்களே மாட்டினது: மாடலுக்கேத்த ஃபாக் லாம்ப் ஜோடி 2,400, ரிலே, ஃபியூஸ், சுவிட்ச் சேர்ந்த ஒயரிங் கிட் 550, ஒயர் மேல போடுற சுருள் குழாய், டேப், டேக் 180, கிரிம்பிங் ப்ளையர் 320, மல்டிமீட்டர் 350. மொத்தம் 3,800.

இதே வேலைக்குக் கடையில கேட்டது 6,500. மிச்சம் 2,700. நாலு மணி நேரம் ஆச்சு, அதாவது மணிக்கு 675 ரூபாய். பரவாயில்லதான். ஆனா மல்டிமீட்டரைக் கையில பிடிச்சுப் பழக்கமே இல்லைன்னா அந்த 2,700 மிச்சமே இல்ல, அது ரிஸ்க். நல்ல எலக்ட்ரீஷியன்கிட்ட கொடுத்துட்டுப் பக்கத்துல நின்னு பாருங்க.

கடைக்காரர் "பில் வேண்டாம்னா 300 குறைச்சுக்கறேன்"னாரு. 2025 செப்டம்பர் 22லேர்ந்து கார் உதிரிபாகத்துக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 2,400ல வரி மட்டும் சுமார் 366. அதுல 300ஐ நமக்குக் கொடுத்துட்டு, வாரண்டி, எண்டார்ஸ்மெண்ட், க்ளெய்ம் மூணையும் நம்மகிட்டேர்ந்து எடுத்துக்கறார். பில் வாங்குங்க.

புது கார் வாங்கும்போது "ஆக்சஸரிஸை லோன்லயே போட்டுடலாம் சார்"னு சொல்வாங்க. 25,000 ரூபாயை 9.5 சதவீதத்துல 5 வருஷ லோன்ல போட்டா மாசம் 525, மொத்தம் 31,500. அஞ்சு வருஷம் கழிச்சு அந்த லைட்டு எரியுமான்னே தெரியாது, வட்டி மட்டும் 6,500.

"ஆபீஸ் போகத்தானே மாட்டினேன், வரியில கழிக்கலாமா?" சம்பளக்காரங்களுக்கு முடியாது. புது வரி முறையில 75,000, பழையதுல 50,000 ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் கொடுக்குறது இந்த மாதிரி செலவுகளுக்கும் சேர்த்துத்தான்.

மாட்டுற முறை

1. பேட்டரியோட நெகட்டிவ் முனையை முதல்ல கழட்டுங்க. எல்லா வேலையும் முடிஞ்சப்புறம் கடைசியா மாட்டுங்க.

2. ஆம்பியர் கணக்கு போடுங்க. வாட்டை 12ஆல வகுத்தா போதும். 55 வாட் ஹாலஜன் ரெண்டு: 110 ÷ 12 = 9.2 ஆம்பியர். 15 ஆம்பியர் ஃபியூஸ், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர். 18 வாட் எல்இடி ரெண்டுன்னா 3 ஆம்பியர்தான், 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஃபியூஸ் அடிக்கடி போகுதுன்னா பெருசு போடாதீங்க. எங்க தப்புன்னு தேடுங்க. ஃபியூஸ் ஒயரைக் காப்பாத்த இருக்கு.

3. ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்துலயே இருக்கணும். லைட்டுக்குப் பக்கத்துல வெச்சா, நடுவுல ஒயர் பாடியில உரசினா காப்பாத்த ஆளில்லை.

4. நாலு பின் ரிலே: 30ல பேட்டரியிலேர்ந்து ஃபியூஸ் வழியா வர்ற ஒயர். 87லேர்ந்து லைட்டுக்கு. 86ல சுவிட்ச் ஒயர். 85 எர்த். சுவிட்சுக்கு வர்ற கரண்ட்டைப் பார்க்கிங் லைட் ஃபியூஸ்லேர்ந்து ஃபியூஸ் டேப் மாட்டி எடுங்க. பார்க்கிங் லைட்டை ஆஃப் பண்ணினா இதுவும் தானா ஆஃப் ஆகும், பேட்டரி காலியாகாது. கம்பெனி ஒயர் எதையும் சீவ வேண்டாம்.

5. எர்த் ஒயரைப் பெயிண்ட் மேல முறுக்காதீங்க. வண்டியில ஏற்கெனவே இருக்குற எர்த் போல்ட்டைப் பயன்படுத்துங்க.

6. மஞ்சள் கலர் கனெக்டர் எதையும் தொடாதீங்க, பொதுவா அது ஏர்பேக்கோடது. பம்பருக்குள்ள இருக்குற இரும்பு பீம்ல ஓட்டை போடாதீங்க. ரேடியேட்டர் காத்தை மறைக்காதீங்க.

7. சுவரைப் பார்த்து 25 அடி தள்ளி வண்டியைச் சமதரையில நிறுத்துங்க. தரையிலேர்ந்து லைட்டோட நடு உயரத்தைச் சுவர்ல சாக்பீஸால குறிங்க. வெளிச்சத்தோட மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு நாலு அங்குலம் கீழ இருக்கணும்.

8. இருபது நிமிஷம் எரிய விட்டு ஒயரையும் ரிலேயையும் தொட்டுப் பாருங்க. இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியலைன்னா அன்னைக்கு அந்த லைட்டைப் போட்டுக்கிட்டு வண்டி எடுக்காதீங்க.

பனி இல்லாத ராத்திரியில ஃபாக் லைட்டை அணைச்சிடுங்க. எதிர்ல வர்ற பைக்காரர் கண்ணைக் கூச வெச்சா, அவர் விழப்போறது நம்ம வண்டி முன்னாடிதான்.

தம்பி இப்ப அதே ரோட்டுலதான் போறான். ஷிஃப்டுக்குப் பதினஞ்சு நிமிஷம் முன்னாடியே கிளம்புறான், பனி இருந்தா 50ஐத் தாண்டுறதில்லை. மாசம் 3,500 ரூபாய் ஆர்டி போட்டு, காலியான எமர்ஜென்சி ஃபண்டைத் திரும்பக் கட்டிக்கிட்டிருக்கான். இந்தக் கட்டுரையை எழுதப்போறேன்னு சொன்னப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டான்: "அண்ணே, என் பேரைப் போட்டுடாதீங்க." போடல.

உங்க கார்ல ஏற்கெனவே எக்ஸ்ட்ரா லைட் இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை பானெட்டைத் திறந்து ஒண்ணு மட்டும் பாருங்க: பேட்டரிக்குப் பக்கத்துல ஃபியூஸ் இருக்கா? இல்லைன்னா, அதைப் போடுற வரைக்கும் அந்த ஒயரைக் கழட்டி வைங்க.