இணைய ஏலத்தில் தொலைக்காட்சிப் பெட்டி



ஏலம் நமக்குப் புதிதன்று. கோயில் திருவிழாவில் எலுமிச்சம்பழமும் அம்மன் சேலையும் ஏலம் போவதைப் பார்த்திருக்கிறோம். அங்கே பொருள் கண்ணெதிரே இருக்கும். இணைய ஏலத்திலோ படம் மட்டுமே இருக்கும்.

ஆகையால் முதலில் கடை விலையைத் தெரிந்துகொள்வோம். பினாங்கு லிட்டில் இந்தியாவுக்குத் தீபாவளிச் சாமான் வாங்கப் போகும்போதே, ஒரு மின்சாதனக் கடையில் ஏறி, அதே ரகப் புதுப் பெட்டியின் விலையையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதிவருவோம். அனுப்பும் கூலியும் சேர்த்து, அதற்குக் கீழே நம் உச்ச விலையைக் குறித்துவிட வேண்டும். கடைசி நிமிடத்தில் வீம்பு வரும். கோயில் ஏலத்தில் வீம்புக்குக் கேட்ட பணம் சாமிக்குப் போகும். இது யாருக்குப் போகுமோ!

பழைய பெட்டியானால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மலேசியாவில் பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31-இல் நின்றுவிட்டது. 'டிவிபி-டி2' வசதி இல்லாத பெட்டியில் இலவச அலைவரிசைகளைப் பார்க்கத் தனிக் கருவி வாங்க வேண்டும். ஜப்பானில் பயன்படுத்திய பெட்டி 100 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டதாக இருக்கலாம். நம் வீட்டு மின்சாரத்தில் நேரே செருகினால் கருகிவிடும்.

பணத்தை ஏலத்தளத்தின் வழியாகவே கட்டுவோம். "என் கணக்கில் போடுங்கள், 100 வெள்ளி குறைக்கிறேன்" என்று வாட்ஸ்அப்பில் அழைப்பவரை விட்டு விலகுவோம். அந்தக் கணக்கு எண்ணைக் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் தேடிப் பார்க்கலாம். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 997-ஐ அழைக்க வேண்டும். 2022-இல் தொடங்கிய மோசடித் தடுப்பு மையம் அது. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிவிட்டால் மீட்பது கடினம்.